பசங்க போட்ட கையெழுத்து, கொப்போலா எடுத்த படம்

இன்னைக்கு எபிசோட் ஒரு கடிதத்துல இருந்து ஆரம்பிக்குது.

1980, மார்ச் மாதம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஃப்ரெஸ்னோன்னு ஒரு ஊர். அதுக்கு வெளியே, விவசாய நிலங்களுக்கு நடுவுல, லோன் ஸ்டார் என்ற சின்ன பள்ளிக்கூடம். அங்கே லைப்ரரியைப் பார்த்துக்கொண்டவர் ஜோ எலன் மிசாகியன். புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிற பையன்கள்கூட ஒரே ஒரு நாவலை மட்டும் விரும்பி எடுத்துப் படிப்பதை அவர் கவனித்தார். அந்த நாவலின் பெயர் ‘தி அவுட்சைடர்ஸ்’. எழுதியவர் எஸ். ஈ. ஹிண்டன்.

இதைப் படமா எடுத்தா எப்படி இருக்கும்னு ஏழாவது, எட்டாவது படிக்கிற அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு ஆசை. யார் எடுக்கலாம்? அப்போதுதான் ‘தி பிளாக் ஸ்டாலியன்’ என்று ஒரு பையனையும் குதிரையையும் பற்றிய படம் வந்திருந்தது. அதைத் தயாரித்தவர்களில் ஒருவர் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா. ஆமாம், ‘தி காட்ஃபாதர்’ எடுத்த அதே கொப்போலாதான். ஆனா அந்தப் பிள்ளைகளுக்கு அவர் மாஃபியா படம் எடுத்தவர் இல்லை, குதிரைப் படம் எடுத்தவர். மிசாகியன் ஒரு கடிதம் எழுதினார். நூற்றுக்கும் மேலான பிள்ளைகள் கையெழுத்துப் போட்டார்கள். கூடவே நாவலின் பேப்பர்பேக் பிரதி ஒன்றையும் வைத்து அனுப்பிவிட்டார்கள்.

பொதுவா இந்த மாதிரி கடிதங்களுக்கு என்ன ஆகும்? குப்பைத்தொட்டி. இல்லைன்னா ஒரு கையெழுத்துப் போட்ட போட்டோ திரும்பி வரும். இங்கே அப்படி நடக்கலை. அந்தக் கடிதம் கொப்போலாவின் வழக்கமான ஹாலிவுட் முகவரிக்குப் போகாமல், நியூயார்க்கில் இருந்த பாராமவுண்ட் அலுவலகத்துக்குப் போனது. ஹாலிவுட்டில் அவருக்கு வரும் தபால் மலைக்குள் போயிருந்தால் அது காணாமலே போயிருக்கும். நியூயார்க்கில் அவருக்கு வருவது கொஞ்சம்தான். அதனால் கண்ணில் பட்டது. அவர் அதைத் தன் தயாரிப்பாளர் ஃப்ரெட் ரூஸிடம் கொடுத்தார்.

ரூஸுக்கு அந்தப் புத்தகத்தின் அட்டையே பிடிக்கவில்லை. வாரக்கணக்கில் பையில் வைத்துச் சுமந்தாரே தவிர திறக்கவில்லை. கடைசியில் ஒரு விமானப் பயணத்தில், பத்துப் பக்கம் பார்ப்போம், பிடிக்கலைன்னா வச்சிடுவோம் என்று ஆரம்பித்தார். ஒரே மூச்சில் முடித்துவிட்டுத்தான் கீழே வைத்தார்.

இந்தக் கதையை முதல்ல சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. ரூஸுக்கு அந்தப் புத்தகத்தோட நடந்ததுதான் எனக்கு அந்தப் படத்தோட நடந்துச்சு.

எதிர்பார்ப்பு ஜீரோ

டீன் நாவலைப் படமாக்கினால் எனக்கு ஒரு அலர்ஜி உண்டு. நம்ம ஜெனரேஷன் இதுல நிறைய அடி வாங்கியிருக்கு. 2008-ல் ‘ட்வைலைட்’, 2012-ல் ‘தி ஹங்கர் கேம்ஸ்’, 2014-ல் ‘டைவர்ஜென்ட்’ன்னு வரிசையா வந்துச்சு. நல்லதும் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. ஆனா ஒரு ஃபார்முலா வந்த பிறகு, எல்லா நாவலையும் அதே அச்சுல ஊத்த ஆரம்பிச்சாங்க. ‘டைவர்ஜென்ட்’ வரிசையில் 2016-ல் வந்த மூன்றாவது படம் ஓடவில்லை. நான்காவது வரவே இல்லை. மூணு படம் தியேட்டர்ல காசு கொடுத்துப் பார்த்தவங்களுக்குக் கிளைமாக்ஸே கிடையாது!

அதனால் 1983-ல் வந்த ‘தி அவுட்சைடர்ஸ்’ படத்தைப் போடும்போது எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. இந்த ஷோவுக்கு அமெரிக்கப் பள்ளிக்கூடங்களைப் பற்றி நோட்ஸ் எடுத்துக்கிட்டிருந்தேன், அதுக்காகப் பார்த்தேன். அரை மணி நேரம் ஓட்டிட்டு நிறுத்திடலாம்னு நினைச்சேன். முடியும்போது ராத்திரி ஒரு மணி. நோட்புக்ல ஒரு வரிகூட இல்லை.

ஏன் அப்படி உட்கார்ந்து பார்த்தேன்னு புரிய, நாவல் எங்கிருந்து வந்ததுன்னு முதல்ல பார்க்கணும்.

பதினைந்து வயசுப் பொண்ணு

சூசன் எலோயிஸ் ஹிண்டன் 1948-ல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்தில் பிறந்தார். டல்சா ஒரு எண்ணெய் நகரம். 1905-ல் பக்கத்தில் க்ளென் பூல் என்ற இடத்தில் பெட்ரோலியம் கிடைத்தது. கொஞ்ச காலத்திலேயே உலகத்தின் எண்ணெய்த் தலைநகரம் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்ளும் அளவுக்கு ஊர் வளர்ந்துவிட்டது. எண்ணெய்ப் பணம் வந்த இடத்தில் மாளிகைகளும் வந்தன. அந்த மாளிகைகளுக்கும் ரிஃபைனரிகளுக்கும் உழைத்தவர்களின் சின்னச் சின்ன மரவீடுகளும் வந்தன.

1960-களில் ஹிண்டன் படித்த வில் ரோஜர்ஸ் உயர்நிலைப்பள்ளியில் இந்த இரண்டு உலகமும் ஒரே வராண்டாவில் நடந்தது. பணக்காரப் பிள்ளைகளை ‘சோஷ்’ என்பார்கள். சோஷியல்ஸ் என்பதன் சுருக்கம். ஏழைப் பிள்ளைகள் ‘க்ரீசர்’. தலைமுடியை நீளமாக விட்டு, எண்ணெய் போட்டு, படிய வாருவதால் வந்த பெயர். நமக்கு இது கொஞ்சம் வேடிக்கையா இருக்கும். நம்ம ஊர்ல எண்ணெய் தேய்ச்சுப் படிய வாரினா அம்மாவுக்குப் பிடிச்ச பையன். அங்கே அதே எண்ணெய் ரவுடிங்கிற முத்திரை.

ஹிண்டனின் நண்பன் ஒருவனை, பள்ளியிலிருந்து வீட்டுக்கு நடந்து போகும் வழியில் சில பணக்காரப் பையன்கள் அடித்துப்போட்டார்கள். அவன் க்ரீசர் மாதிரி இருந்தான், அதுதான் காரணம். அந்தக் கோபத்தில் ஹிண்டன் எழுத ஆரம்பித்தார். அப்போது அவருக்கு 15 வயது. பெரும்பகுதியை எழுதியது 16 வயதில். அதே காலத்தில் வீட்டில் அவருடைய அப்பா மூளைக் கட்டியால் செத்துக்கொண்டிருந்தார். நாவலில் போனிபாய் என்ற 14 வயதுப் பையனுக்கு அப்பா அம்மா இல்லை, கார் விபத்தில் இறந்துபோனார்கள். இது ஏதோ கதைக்கு வசதியா இருக்கட்டும்னு எழுதினது இல்லைன்னு தோணுதில்லையா?

இன்னொரு தகவல். அந்த நாவலை எழுதிய வருடத்தில் ஹிண்டனுக்கு கிரியேட்டிவ் ரைட்டிங் பாடத்தில் கிடைத்த கிரேடு ‘டி’. கிட்டத்தட்ட ஃபெயில். மார்க் ஷீட்டைப் பார்த்து நொந்துபோனவங்க இதைக் குறிச்சு வச்சுக்கோங்க.

தோழி ஒருத்தியின் அம்மா வழியாக நியூயார்க் ஏஜெண்ட் ஒருவரின் தொடர்பு கிடைத்தது. ஹிண்டன் பள்ளிப் படிப்பை முடித்துப் பட்டம் வாங்குகிற நாளில் வைக்கிங் பதிப்பகத்தின் ஒப்பந்தம் வந்து சேர்ந்தது. 1967 ஏப்ரலில் புத்தகம் வெளியானபோது அவருக்கு 18 வயது. அட்டையில் சூசன் என்ற பெயர் இல்லை, எஸ். ஈ. ஹிண்டன் என்று இனிஷியல் மட்டும். ஆண்களின் சண்டையை ஒரு பெண் எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தால் விமர்சகர்கள் படிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள் என்று பதிப்பகம் பயந்தது. பேரை மறைச்சாத்தான் கதை வெளிய வரும்ங்கிற நிலைமை.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் டீன்ஏஜ் பிள்ளைகளுக்கு என்று எழுதப்பட்ட கதைகள் எப்படி இருந்தன? அமெரிக்க நூலகச் சங்கம் 1957-லேயே இளைஞர்களுக்கு என்று ஒரு தனிப் பிரிவு தொடங்கியிருந்தது. அலமாரி இருந்தது, ஆனால் அலமாரியில் வைக்கச் சரக்கு இல்லை. பள்ளி நடன விழாவுக்கு யார் கூப்பிடுவான், பேஸ்பால் மேட்சில் யார் ஜெயிப்பான், முதல் காதல் எப்படி இருக்கும், பெரும்பாலும் இதுதான். குடிக்கிற அப்பா, கத்தி வைத்திருக்கிற நண்பன், கரண்ட் பில் கட்டக் காசில்லாத வீடு, இதெல்லாம் பிள்ளைகளின் வாழ்க்கையில் இருந்தது, பிள்ளைகளின் புத்தகத்தில் இல்லை. அந்த இடத்தில்தான் ஹிண்டன் நுழைந்தார். இன்றைக்கு யங் அடல்ட் என்று ஒரு தனிச் சந்தையே இருக்கிறதே, அதன் வரலாற்றை எழுதுகிற பலரும் 1967-ல் இருந்துதான் தொடங்குகிறார்கள்.

புத்தகத்தைத் தூக்கி நிறுத்தியது விளம்பரம் இல்லை, டீச்சர்களும் லைப்ரரியன்களும்தான். ஒரு பக்கம் வகுப்பில் பாடமாக வைத்தார்கள். இன்னொரு பக்கம், கும்பல் சண்டை, குடி, சிகரெட் எல்லாம் இருக்கிறது என்று லைப்ரரியிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். 1990-களில் அமெரிக்காவில் அதிக எதிர்ப்பைச் சந்தித்த 100 புத்தகங்கள் என்று நூலகச் சங்கம் போட்ட பட்டியலில் இதுவும் இருக்கிறது. ஒரே புத்தகம் சிலபஸ்லயும் இருக்கு, தடை கேக்கிற லிஸ்ட்லயும் இருக்கு.

கடனாளி டைரக்டர்

இப்போ கொப்போலாவிடம் வருவோம்.

1970-களில் அவர் தொட்டதெல்லாம் பொன். 1972-ல் ‘காட்ஃபாதர்’, 1974-ல் அதன் இரண்டாம் பாகம், 1979-ல் ‘அபோகலிப்ஸ் நௌ’. அதுக்கப்புறம் சொந்தமா ஒரு ஸ்டுடியோவை வாங்கினார். அங்கே லாஸ் வேகாஸ் நகரத்தையே செட்டாகப் போட்டு ‘ஒன் ஃப்ரம் தி ஹார்ட்’ என்று ஒரு காதல் படம் எடுத்தார். செலவு சுமார் 2.6 கோடி டாலர். 1982-ல் வெளியானபோது வசூல் 10 லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. சொத்து, ஸ்டுடியோ எல்லாம் கடனில் மூழ்கியது. அடுத்த பத்து வருடத்தின் பெரும்பகுதியை அந்தக் கடனை அடைப்பதிலேயே செலவழித்தார்.

அந்த நேரத்தில்தான் பள்ளிப் பிள்ளைகள் கேட்ட படம். 1982 வசந்த காலத்தில் டல்சாவுக்கே போய் எடுத்தார். ஸ்டுடியோ செட்டுக்குள் வேகாஸ் கட்டிய மனிதர், இந்த முறை உண்மையான தெரு, உண்மையான வீடு, உண்மையான டிரைவ்-இன் தியேட்டர் என்று இறங்கினார். ஹிண்டனையும் கூடவே வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக் காட்சியில் நர்ஸாக வருவது அவர்தான், அடுத்த தடவை கவனிச்சுப் பாருங்க.

நடிகர்கள் லிஸ்ட்டை இன்னைக்குப் படிச்சா தலை சுத்தும். பேட்ரிக் ஸ்வேஸி, மேட் டில்லன், ராப் லோ, எமிலியோ எஸ்டெவெஸ், டயேன் லேன், ரால்ஃப் மாச்சியோ. டாம் க்ரூஸ் இருக்கார், ஆனா ஓரமா நிக்கிற ஒரு சின்ன வேஷத்துல. அப்போது இவர்களில் பலரை யாருக்கும் தெரியாது. மாச்சியோவின் ‘கராத்தே கிட்’ 1984-ல்தான் வந்தது. க்ரூஸின் ‘டாப் கன்’ 1986-ல்.

கொப்போலா செய்த ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிச்சது. சோஷ்களாக நடிப்பவர்களுக்குத் தோல் அட்டை போட்ட ஸ்கிரிப்ட், ஹோட்டலில் நல்ல ரூம். க்ரீசர்களாக நடிப்பவர்களுக்குச் சாதாரண பேப்பர் ஸ்கிரிப்ட், சுமாரான ரூம். வேணும்னே செய்ததுதான். படத்துல ரெண்டு கோஷ்டியும் முறைச்சுக்கிறப்போ அந்தப் பொறாமை நடிப்பு மாதிரித் தெரியலைன்னா, ஆச்சரியமில்லை.

எனக்கு ஏன் பிடிச்சது

முதல் காரணம், வயசு. நம்ம படங்கள்ல நாற்பதைத் தொடுற ஹீரோ காலேஜ் ஃபர்ஸ்ட் இயர் ஸ்டூடண்ட்டா வருவார், நாமளும் விசிலடிச்சுட்டு விட்டுடுவோம். ஹாலிவுட்டும் அப்படித்தான், முப்பதுல இருக்கிறவங்க ஸ்கூல் பேக் மாட்டிட்டு வருவாங்க. இந்தப் படத்தில் போனிபாயாக நடித்த சி. தாமஸ் ஹோவெலுக்குப் படப்பிடிப்பின்போது 15 வயது. டயேன் லேனுக்கு 17. அவங்க பயந்தா நிஜமா சின்னப் பிள்ளைங்க பயந்த மாதிரி இருக்கு. கத்தியைக் கையில பிடிக்கிறப்போ ஸ்டைல் இல்லை, கை நடுங்குது.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். 1967-ல வந்த கதைக்கு ஸ்பாய்லர்னு யாரும் சண்டைக்கு வராதீங்க. அப்பா அம்மா இல்லாத மூன்று அண்ணன் தம்பிகள். பெரியவன் டேரிக்கு 20 வயது. காலேஜ் ஆசையை விட்டுவிட்டுக் கூரை வேலைக்குப் போய்த் தம்பிகளை வளர்க்கிறான். நடுவுலவன் சோடாபாப், படிப்பை நிறுத்திவிட்டு பெட்ரோல் பங்க்கில் வேலை. கடைசிதான் போனிபாய். ஒரு ராத்திரி பார்க்கில் சோஷ் பையன்கள் போனிபாயைத் தண்ணீரில் முக்குகிறார்கள். அவன் நண்பன் ஜானி பயத்தில் கத்தியை எடுக்க, ஒருவன் செத்துவிடுகிறான். இரண்டு பேரும் ஓடிப்போய்ப் பாழடைந்த ஒரு சர்ச்சில் ஒளிந்துகொள்கிறார்கள்.

அந்த சர்ச் காட்சிகள்தான் என்னை நிறுத்தி வைத்தது. போலீஸ் தேடுகிற இரண்டு பையன்கள் என்ன செய்கிறார்கள்? ‘கான் வித் தி விண்ட்’ நாவலை வாசிக்கிறார்கள். சூரியன் உதிப்பதைப் பார்க்கிறார்கள். ராபர்ட் ஃப்ராஸ்ட் எழுதிய ஒரு கவிதையைப் போனிபாய் மனப்பாடமாகச் சொல்கிறான். ஆக்‌ஷன் இல்லை, சேஸிங் இல்லை. கொப்போலா இதை ‘கான் வித் தி விண்ட்’ மாதிரியே ஒரு பிரம்மாண்டமான காவியமாக எடுத்திருக்கிறார். ஆரஞ்சு வானம், கருநிழல் உருவங்கள், பெரிய ஆர்கெஸ்ட்ரா.

படம் வந்தபோது பல விமர்சகர்களுக்கு இது உறுத்தியது. தெருவோரப் பையன்களின் கதைக்கு இவ்வளவு ஜோடனை எதுக்குன்னு கேட்டாங்க. எனக்கு அந்த ஜோடனைதான் விஷயம்னு தோணுது. 14 வயசுல நமக்கு நடக்கிறது எதுவும் சின்னதா இருக்காது. ஒரு நண்பன் பேசலைன்னா உலகமே முடிஞ்ச மாதிரி இருக்கும். பெரியவங்க, “இதெல்லாம் ஒரு விஷயமா?”ன்னு கேப்பாங்க. கொப்போலா அப்படிக் கேக்கலை. அந்த வயசுக்குத் தெரியிற சைஸ்லயே உலகத்தைக் காட்டினார்.

வெட்டிய 22 நிமிஷம்

ஆனா கதை இங்கே முடியலை. 1983 மார்ச்சில் வெளியான படம் 91 நிமிடம்தான். படம் நீளமாக இருக்கிறது என்ற பயத்தில் நிறைய வெட்டிவிட்டார்கள். முக்கியமாகப் போனது அண்ணன் தம்பிகளின் காட்சிகள். ராப் லோ நடித்த சோடாபாப் வேஷம் பாதிக்கு மேல் காணாமல் போனது. கடைசியில் வரும் கோர்ட் காட்சியும் போனது.

இது ஏதோ டெலீட்டட் சீன் சமாசாரம்னு நினைக்காதீங்க. கதையில் டேரி எதற்காகத் தம்பியிடம் சிடுசிடு என்று இருக்கிறான்? ஒரு தப்பு நடந்தாலும் அரசாங்கம் வந்து தம்பிகளை ஹோமில் போட்டுவிடும். அந்த பயம்தான். வீட்டில் பெரியவர்கள் இல்லாமல், மூத்த பிள்ளை சம்பாதித்து மற்றவர்களை வளர்க்கும் குடும்பங்களை நீங்க பார்த்திருப்பீங்க. அங்கே பாசம் எப்பவும் திட்டா வெளிய வரும். 20 வயசுப் பையன் 45 வயசு அப்பா மாதிரிப் பேசுவான். கோர்ட் காட்சியை எடுத்துவிட்டால் டேரி வெறும் சிடுமூஞ்சி அண்ணன். அதை வைத்தால் அவன் இழக்கப்போவது என்ன என்பது நமக்குத் தெரிகிறது.

படம் சுமாராக நல்லாவே ஓடியது. ஆனால் நாவலைப் படித்த பிள்ளைகள் விடவில்லை. அந்த சீன் எங்கே, இந்த சீன் எங்கே என்று வருடக்கணக்கில் கொப்போலாவுக்குக் கடிதம் எழுதினார்கள். பிறகு ஒரு நாள் அவருடைய பேத்தி ஜியாவின் வகுப்பில் இதே நாவல் பாடமாக வந்தது. அந்த வகுப்புக்குப் படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைகள் முன்னால் அரைகுறைப் படத்தைப் போட அவருக்கு மனசு வரவில்லை. வெட்டியதை எடுத்து ஒட்ட ஆரம்பித்தார். 2005-ல் ‘தி கம்ப்ளீட் நாவல்’ என்ற பெயரில் 22 நிமிடம் கூடுதலாகப் புதிய பதிப்பு வந்தது.

ரெண்டையும் பார்த்தேன். 2005 பதிப்பு நாவல் ஆரம்பிக்கிற இடத்துலயே ஆரம்பிக்குது, நாவல் முடியிற மாதிரியே முடியுது. அண்ணன் தம்பி மூணு பேரும் ஒரே கட்டில்ல உட்கார்ந்து பேசுற நேரமெல்லாம் தங்கம். ஒரு குறை: கொப்போலாவின் அப்பா கார்மைன் கொப்போலா போட்ட பின்னணி இசையைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு எல்விஸ் பாட்டெல்லாம் சேர்த்திருக்கிறார். காலத்துக்குப் பொருத்தம்தான். ஆனா எனக்குப் பழைய இசைதான் அந்த ஆரஞ்சு வானத்தோட சேருது. கதைக்குப் புது பதிப்பு, காதுக்குப் பழைய பதிப்பு. நீங்க பார்த்துட்டு உங்க கட்சியைச் சொல்லுங்க.

இதுல எனக்குப் பெருசாத் தெரியிறது என்னன்னா, இந்தப் படத்தை ரெண்டு தடவையும் எடுக்க வச்சது படிக்கிற பிள்ளைங்கதான். முதல் தடவை ஃப்ரெஸ்னோ பிள்ளைகளின் கையெழுத்து. இரண்டாவது தடவை பேத்தியின் வகுப்பும் அத்தனை வருடக் கடிதங்களும். படத்தின் கடைசியிலேயே லோன் ஸ்டார் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மிசாகியனுக்கும் இந்தப் படம் என்று நன்றிக் குறிப்பு வருகிறது. இன்னைக்கு ஃபேன்ஸ் பிரஷர், ரீ-எடிட், டைரக்டர்ஸ் கட்னு எல்லாம் பேசுறோம். ஹேஷ்டேக் இல்லாத காலத்துல ஒரு தபால் தலையை வச்சே இதைச் சாதிச்சிருக்காங்க.

வெளியே நிற்பவர்களுக்கும் வெளியே

இவ்வளவு பாராட்டிட்டு ஒரு விஷயத்தைச் சொல்லாம விட்டா அது வரலாறு ஷோ இல்லை.

படம் எடுத்த டல்சாவின் தெருக்களிலிருந்து நடந்து போகும் தூரத்தில் க்ரீன்வுட் என்று ஒரு பகுதி இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவிலேயே வசதியாக வாழ்ந்த கறுப்பினக் குடியிருப்புகளில் அது ஒன்று. சொந்தக் கடைகள், ஹோட்டல்கள், தியேட்டர், டாக்டர்கள், பத்திரிகை. 1921 மே 31, ஜூன் 1, இரண்டே நாளில் வெள்ளையர் கும்பல் அதைக் கொளுத்தியது. சுமார் 35 பிளாக்குகள் சாம்பல். இறந்தவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு அந்த ஊரின் பாடப்புத்தகத்தில் இதைப் பற்றி மூச்சே கிடையாது. மாநிலம் ஒரு விசாரணைக் குழு அமைத்தது 1997-ல். அறிக்கை வந்தது 2001-ல்.

‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலில் இந்த டல்சா இல்லை. 1983 படத்திலும் இல்லை. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் ஏழை வெள்ளையர், அந்தப் பக்கம் பணக்கார வெள்ளையர், அவ்வளவுதான் உலகம். 16 வயதுப் பெண் தான் பார்த்த வராண்டாவை எழுதினாள், அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவள் படித்த ஊர் அவளுக்கு எதைச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதுதான் கேள்வி. ஒரு ஊர் தன் வரலாற்றில் ஒரு பக்கத்தைக் கிழித்துப்போட்டால், அந்த ஊரிலிருந்து வரும் மிக நேர்மையான கதையிலும் அந்தக் கிழிசல் தெரியும்.

இந்தக் கிழிசலை இப்போதுதான் கொஞ்சம் தைக்கப் பார்க்கிறார்கள். 2024-ல் இதே கதை பிராட்வேயில் இசை நாடகமாக வந்தது. அந்த வருடத்தின் சிறந்த மியூசிக்கலுக்கான டோனி விருதையும் வாங்கியது. அதில் டாலஸ் என்ற முக்கியமான க்ரீசர் பாத்திரத்தில் நடித்தவர் ஜோஷுவா பூன் என்ற கறுப்பின நடிகர். டாலஸுக்கும் போலீஸுக்கும் நடுவில் இருக்கும் பகை, அதே கதைதான், வேறு ஒரு கனத்தோடு மேடையில் நின்றது.

டல்சாவில் படம் எடுத்த அந்த கர்டிஸ் சகோதரர்களின் வீடு இப்போது ஒரு மியூசியம். ஹவுஸ் ஆஃப் பெயின் ராப் குழுவைச் சேர்ந்த டேனி ஓ'கானர் அந்த வீட்டை வாங்கிச் சரிசெய்து 2019-ல் திறந்தார். படத்தில் வரும் அட்மிரல் ட்வின் டிரைவ்-இன் 2010-ல் தீயில் எரிந்துபோனது. 2012-ல் திரும்பக் கட்டிவிட்டார்கள். சினிமாவுல வந்த இடம் எரிஞ்சா ரெண்டு வருஷத்துல எழுந்துடுது. க்ரீன்வுட் எரிஞ்சதை ஊர் வாய்விட்டுச் சொல்லவே 80 வருஷம் ஆச்சு. இந்த ரெண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கிறப்போ எனக்குக் கொஞ்சம் சங்கடமா இருந்துச்சு.

அப்போ படம் பிடிச்சதுன்னு சொல்றதை நான் வாபஸ் வாங்கணுமா? மாட்டேன். ஒரு படம் நமக்குப் பிடிக்கிறதும், அது எதைப் பார்க்காம விட்டுச்சுன்னு கேக்கிறதும் ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்லை. போனிபாய் கதையைப் பார்த்ததாலதான் நான் டல்சா மேப்பைத் திறந்தேன். அந்த மேப்லதான் க்ரீன்வுட் இருந்துச்சு.

லோன் ஸ்டார் பள்ளியில் அன்று கையெழுத்துப் போட்ட பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். அவங்க கேட்டது ரொம்பச் சாதாரணமான விஷயம்: எங்களை மாதிரி ஆளுங்களைத் திரையில காட்டுங்க. ஒரு லைப்ரரியன் அதைச் சிரிச்சுட்டு விடாம, உட்கார்ந்து டைப் பண்ணி, தபால்ல போட்டார். உங்க வீட்ல ஒரு தங்கச்சியோ தம்பியோ ஒரு புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சா, அட்டையைப் பார்த்துட்டு ஒதுக்காதீங்க. பத்துப் பக்கம் படிச்சுப் பாருங்க. ஃப்ரெட் ரூஸ் அதைத்தான் செஞ்சார்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.